ஸ்பீக்கரில் இரைச்சலா? விளக்கைக் கவனியுங்கள்!

ஹாலில் விளக்கைப் போட்டதும் ஸ்பீக்கர் இரைகிறதா? ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் அதில் கோளாறு இருக்காது.

1. பாட்டை நிறுத்திவிட்டு, இரைச்சல் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் கூட்டுங்கள். வீட்டிலுள்ள விளக்கு, ஃபேன்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் சத்தம் நிற்கிறதோ, ஆசாமி அதுதான். பூஜை அறை சீரோ வாட்ஸ் பல்பு, பால்கனி சீரியல் செட் எதையும் விட்டுவிடாதீர்கள். பாட்டு போடுமுன் மறக்காமல் வால்யூமைக் குறையுங்கள்.

2. பரணில் பேட்டரி டிரான்சிஸ்டர் கிடக்கிறதா? மீடியம் வேவில், நிலையம் எதுவும் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி, எரியும் பல்புகளின் அருகே கொண்டுபோங்கள். மோசமான பல்பை நெருங்கியதும் 'கொர்ர்ர்' என்று காட்டிக்கொடுத்துவிடும். பல எல்இடி பல்புகளுக்குள் இருக்கும் டிரைவர், மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித்தான் கொடுக்கிறது. அதில் எழும் இரைச்சலை வடிகட்டும் பாகங்களில்தான் மலிவு பல்புக்காரர்கள் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். வேறு நல்ல கம்பெனி பல்பை மாட்டிப் பாருங்கள்.

3. டிம்மர் இருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். நம் வீட்டு மின்சாரம் 50 சைக்கிள். சாதாரண டிம்மர் ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு முறை, அதாவது நொடிக்கு 100 முறை, மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கிறது. அதுதான் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கிறது. குமிழைத் திருகும்போது சத்தத்தின் தன்மை மாறினால் சந்தேகமே வேண்டாம். பாதி வெளிச்சத்தில் இரைச்சல் அதிகம். முழு வெளிச்சத்தில் வெகுவாகக் குறையும். குமிழை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் இதே ஜாதிதான். அதைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் போடுங்கள். செலவு கொஞ்சம்தான், பலன் உடனே தெரியும்.

4. ஆம்ப்ளிஃபயர், டிவி, பிளேயர் எல்லாவற்றுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைப்புக் கொடுங்கள். எல்இடி ஸ்ட்ரிப் லைட்டின் அடாப்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.

5. ஆடியோ வயரையும் கரண்ட் வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டாதீர்கள். பார்க்க அழகுதான், காதுக்கு ஆகாது. இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும்.

6. அடாப்டர் வயரில் கவ்வி மாட்டும் ஃபெரைட் வளையம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். ரேடியோ இரைச்சலுக்கு உதவும்; 'ம்ம்ம்' என்ற அடித்தொண்டை முனகலுக்கு உதவாது.

7. எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் அந்த முனகல் நிற்கவில்லையா? கேபிள் டிவி வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், அந்த வயர் வழியாக எர்த் சுற்றிக்கொண்டு வருகிறது. அதற்கென்றே ஐசொலேட்டர் கிடைக்கிறது.

8. பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சத்தம் போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சத்தம் போகலாம், ஆனால் பெட்டிக்குள் மின்கசிவு ஏற்பட்டால் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.