ஃபிளமெங்கோ கிதார்: வலது கைக்கு முதல் வேலை

ஸ்பெயினின் அந்தலூசியாவில் வளர்ந்த இந்த வாசிப்பில் வேகம்தான் எல்லாரையும் இழுக்கும். தொடக்கத்தில் அதை மறந்துவிடுங்கள். நைலான் கம்பி கிதார் எடுங்கள். எஃகுக் கம்பி நகத்தைத் தின்றுவிடும்.

முதலில் 'பிக்காதோ'. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும். மீட்டிய விரல், மேலே இருக்கும் அடுத்த கம்பியில் சாய்ந்து நிற்கட்டும். மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். கம்பி மாறும் இடத்தில்தான் விரல் வரிசை குழம்பும், ஒரே விரல் இரண்டு முறை வந்துவிடும். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள்.

அடுத்தது கட்டைவிரல். அது கீழ்நோக்கி மீட்டி, அடுத்த கம்பியில் இளைப்பாற வேண்டும்.

'ரஸ்கெயாதோ', கேரம் காயைச் சுண்டுவதுபோல, சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டி விரல்வரை ஒவ்வொன்றாக விரிப்பது. நான்கு ஒலியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மோதிரவிரல்தான் சோம்பேறி, அதற்குக் கூடுதல் பயிற்சி கொடுங்கள். முன்கை இறுகினால் உடனே நிறுத்துங்கள்.

கிதாரைத் தொடாத நேரத்தில் 'சொலேயா' என்னும் ஃபிளமெங்கோ வகையின் 12 தட்டுகளைக் கைதட்டிப் பழகலாம். அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும்.