உணர்ச்சியும் நியமமும்

மனம் விரும்பும்பொழுது நற்செயல் செய்தல் யாவர்க்கும் எளிது. மனம் விரும்பாதபொழுதும் அதனைச் செய்தலே அரிது. திருவிழாக் காலத்திலே கோயிலுக்கு விரைவோர் பலர். கொடியிறங்கிய மறுநாட் காலையிலும் அதே நேரத்துக்குச் செல்வோர் சிலர். பரீட்சை நெருங்கியபின் நள்ளிரவுவரை விழித்திருந்து படிப்போர் பலர். தவணையின் முதல் நாளிலேயே தொடங்கி நாடோறும் ஒரு மணி நேரம் படிப்போர் சிலர். அப்பலரிடத்தே உள்ளது உணர்ச்சி. இச்சிலரிடத்தே உள்ளது நியமம். நமது கல்லூரியின் விழாமலரிலே, பழைய மாணவரும் இளைய மாணவரும் ஒருங்கே வாசிக்கத்தக்க பொருளாக இவ்விரண்டனையும் எடுத்து ஆராய்வாம்.

நியமம் என்பது ஒருவன் தனக்குத்தானே வகுத்துக்கொண்டு வழுவாது கைக்கொள்ளும் ஒழுங்கு. பதஞ்சலி முனிவர் யோகத்துக்கு எட்டு உறுப்புக் கூறி, இயமம் நியமம் என்னும் இரண்டையும் முதலில் வைத்தார். ஒவ்வொன்றும் ஐந்து வகைப்படும் என்றார். திருமூல நாயனாரும் தமது திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்திலே அவ்விரண்டனையும் முதற்கண் வைத்து, ஒவ்வொன்றையும் பத்தாக விரித்தார். ஆசனமும் பிராணாயாமமும் தியானமும் இவற்றின் பின்னரே வருகின்றன. மனத்தை ஒருவழிப்படுத்த விரும்புவோன் முதலிலே தன் நாளை ஒழுங்குபடுத்தல் வேண்டும் என்பதே இம்முறைவைப்பின் கருத்து. வாழ்வு சிதறிக் கிடக்க மனம் மட்டும் குவிதல் இயலாது.

இங்கே ஒரு தடை எழலாம். “சைவ சமயம் பத்திச் சமயமன்றோ? பத்தி என்பது உணர்ச்சியன்றோ? கண்ணீர் மல்கி உருகிய அடியாரின் நெறியிலே விதிக்கும் ஒழுங்குக்கும் இடம் யாது?” என்று வினவுவோர் உளர். இதற்கு விடை சைவ நூல்களிலேயே உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நால்வகை நெறியை வகுத்தோர் சரியையை முதற்படியாக வைத்தனர். சரியையாவது கோயிலை அலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், திருவிளக்கிடுதல் முதலிய உடற்றொண்டு. நாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தைப் பாருங்கள். அவர் கையிலே இருப்பது உழவாரப்படை. உள்ளம் உருகிப் பாடிய அப்பெரியார் புல்லைச் செதுக்குதலையும் விட்டாரல்லர். உருக்கம் வந்த நாளிலே மட்டும் புல் முளைப்பதில்லை. ஆதலின் உருக்கம் வந்த நாளிலே மட்டும் தொண்டு செய்தலும் போதாது. உணர்ச்சி சமய வாழ்வின் கனி. நியமம் அதன் வேர். வேரைப் பேணினோர்க்குக் கனி உரிய காலத்தில் வரும். கனியையே எண்ணி வேரை மறந்தோர்க்கு இரண்டும் இல்லையாம்.

நாம் ஆசிரியத் தொழில் புரியும் இக்கீழ்க்கரையிலே, இவ்வுண்மையை எடுத்துக்காட்டும் தமிழ்ச் சொல் ஒன்று நாடோறும் வழங்குகின்றது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் ஊர்களிலே சைவரும் இஸ்லாமியரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இருசாராரும் தத்தம் சமயத்து உண்ணாவிரதத்தை ‘நோன்பு’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றனர். நோல் என்னும் அடியிற் பிறந்தது அச்சொல். நோற்றலாவது பொறுத்தல், தாங்குதல். பசி வந்தபொழுது பசியின் வழியே செல்லாது அதனைத் தாங்கி நிற்றலே நோன்பு. உணர்ச்சியை இல்லையென்று மறுத்தல் அச்சொல்லின் பொருளன்று. அஃது இருக்கவும் அதற்கு ஆட்படாதிருத்தலே அதன் பொருள்.

அயலவர் கைக்கொள்ளும் றமழான் நோன்பை நம் மாணவர் உற்று நோக்குதல் நன்று. வைகறைக்கு முன் சஹர் உணவு உண்டு, ‘நிய்யத்து’ என்னும் உள்ளத்து உறுதி பூண்டு, ஞாயிறு மறையும்வரை நீரும் அருந்தாது அவர்கள் இருக்கின்றனர். சந்திர மாதக் கணக்காதலின் அந்நோன்பு ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முற்பட்டு வந்து, முப்பத்துமூன்று ஆண்டளவிலே எல்லாப் பருவங்களையுஞ் சுற்றிவிடும். மாரிமழை பெய்யும் காலத்திலும் அது வரும். கச்சான் காற்று அனலாய் வீசும் காலத்திலும் அது வரும். வயலிலே வேலைசெய்வோனும் கடலிலே வலை இழுப்போனும் தறியில் இருந்து நெய்வோனும் அவ்வெப்பத்திலே அதனை நோற்கின்றனர். நோயாளரும் வழிப்போக்கரும் வேறு நாளில் நோற்றுக்கொள்ளலாம் என்னும் விலக்கும் அவ்விதியிலேயே அமைந்துள்ளது. விலக்கையும் விதியே வகுக்கின்றது. அன்றன்றைய சலிப்பு வகுப்பதில்லை. மேலும், பொய்யையும் புறங்கூறலையும் விடாதவன் கிடந்த பசியாற் பயனில்லை என்பது அச்சமயத்தார் வற்புறுத்தும் போதனையாகும்.

நம்மவரிடத்தும் இதனையொத்த முறைகள் குறைவல்ல. கந்தசட்டி ஆறு நாளும் கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாளும் நோற்கப்படுவன. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலிலே பாரதக் கதையோடு இயைந்த பதினெட்டு நாள் விழா தீமிதிப்போடு நிறைவுறுகின்றது. தீக்குழியில் இறங்கும் அக்கணமே காண்போர் கண்ணைக் கவர்வது. ஆயின் நேர்த்தி வைத்தோன் அதற்குமுன் பல நாள் உணவைக் குறைத்து, புலனை அடக்கி, தூய்மை காத்து இருந்ததன் முடிவே அக்கணம். அந்நாள்களை எவரும் கூடிநின்று பார்ப்பதில்லை. எவரும் பாராத நாள்களிலேயே நியமம் தன் வேலையைச் செய்கின்றது.

இனி, ஒரு வாழ்க்கையை எடுத்து நோக்குவாம். மேற்கூறிய ஊர்களுள் ஒன்றாகிய காரைதீவிலே 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் மயில்வாகனன் என்னும் பிள்ளை பிறந்தது. அப்பிள்ளையே பின்னர் விபுலாநந்த அடிகள் என உலகம் போற்றும் பெரியாராயினார். கல்முனையிலே மெதடிஸ்த சபையாரின் பள்ளியிலும், மட்டக்களப்பிலே புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்றார். கொழும்பிலே பயிற்சி பெற்று ஆசிரியரானார். 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் வென்றார். 1920ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரை நாடி வந்தது. புகழும் ஊதியமும் கைகூடிய அவ்வேளையில், 1922ஆம் ஆண்டிலே, அனைத்தையும் விடுத்துச் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். ஈராண்டு பயின்றபின், 1924ஆம் ஆண்டு துறவறம் பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார்.

துறவு என்றவுடன் கடமையினின்றும் நீங்குதல் எனச் சிலர் கருதுவர். அடிகளின் துறவு கடமையைப் பன்மடங்காக்கிற்று. 1925ஆம் ஆண்டு ஈழத்துக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றார். 1929ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து முதற் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் இமயச் சாரலிலே மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரத’ இதழை நடத்தினார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார்.

இத்துணைப் பணிகளுக்கிடையே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றுக்கோடாகக் கொண்டு, மறைந்துபோன யாழ்க்கருவிகளின் இலக்கணத்தைக் கணிதமுறையால் ஆராய்ந்து யாழ்நூலை இயற்றினார். அவ்வாராய்ச்சிக்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் சென்றன என்பர். 1947ஆம் ஆண்டு சூன் மாதம், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவோடு அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகள் இறைவனடி எய்தினார்.

மாணவர் இங்கே சிந்தித்தல் வேண்டும். ஒருநாள் எழுந்த ஆர்வம் பதினான்கு ஆண்டுகள் நிற்குமோ? நில்லாது. பள்ளி அலுவலும் பயணமும் உடற்றளர்ச்சியும் எந்த ஆர்வத்தையும் பலமுறை அவித்துவிடும். ஆர்வம் அவிந்த நாளிலும் ஏட்டைத் திறக்கச் செய்வது நியமம் ஒன்றே. யாழ்நூல் ஆராய்ச்சி நூல் மட்டுமன்று, நியமத்தின் சாட்சியுமாகும்.

இதுகாறும் கூறியது தனிமனிதன் தன் சலிப்பை வெல்லுதல் பற்றியது. நியமத்துக்கு இதனினும் கடிய சோதனை ஒன்றுண்டு. அது சினம். சலிப்பு நற்செயலைத் தடுக்கும். சினமோ தீச்செயலையே அறம் என்று காட்டும்.

நம் கரையோரத்தார் இச்சோதனையை நன்கறிவர். 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் அயலார்க்கிடையே மூண்ட பகையிலே சைவரும் இஸ்லாமியரும் உயிரையும் வீட்டையும் இழந்தனர். தலைமுறை தலைமுறையாக நெல்லும் மீனும் துணியும் மாற்றிக்கொண்டோர், தாய்வழிக் குடிமுறையைக்கூட ஒத்த வழக்காகக் கொண்டோர், ஒருவரை ஒருவர் அஞ்சி ஊரைவிட்டு ஓடினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையோ ஊரையும் சமயத்தையும் வினவாது இருசாராரையும் வாரிச் சென்றது. துயரத்திலே கலந்த கண்ணீரும் காலஞ்செல்ல உலர்ந்துவிடுகின்றது. எல்லை குறித்தோ அலுவலகம் குறித்தோ ஒரு சொல் எழுந்தால் பழைய சினம் மீண்டும் தலைதூக்குகின்றது. நல்லுணர்ச்சியும் தீயுணர்ச்சியும் ஒருங்கே நிலையற்றன என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டுமோ? “இன்று எனக்கு அயலவன்மேல் அன்பு உண்டு, ஆதலின் தீங்கு செய்யேன்” என்போனை நம்புதல் அரிது. “அன்பு உண்டாயினும் இல்லையாயினும் தீங்கு செய்யேன், இஃது என் நியமம்” என்போனையே ஊர் நம்பி உறங்கலாம்.

திருவள்ளுவனார் வெகுளாமையை முப்பத்தோராம் அதிகாரமாகவும், இன்னா செய்யாமையை அதனையடுத்தும் வைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. வெகுளியைக் காவாதவன் இன்னா செய்யாதிருத்தல் இயலாது. நம் முன்னோரும் இதனை வழிபாட்டிலேயே அமைத்து வைத்தனர். மதுரையை எரித்த கண்ணகியை இக்கரையோர் தெய்வமாகக் கொண்டாடுகின்றனர். அடிகள் பிறந்த காரைதீவிலும் கண்ணகையம்மன் கோயில் உண்டு. வைகாசித் திங்களிலே அவ்வம்மனுக்கு எடுக்கும் விழாவுக்குப் பெயர் யாது? திருக்குளிர்த்தி. நீதி தவறியமை கண்டு எழுந்த சினமாயினும் அது குளிர்தல் வேண்டும் என்று ஊர்கூடி வேண்டுகின்றனர். அவள் சினத்தை மூட்டும் விழா நம்மிடம் இல்லை. ஆண்டுதோறும் குறித்த காலத்திலே, விரும்பினும் விரும்பாவிடினும் குளிர்விக்கும் விழாவே உண்டு. இதன் உட்பொருளை உணர்ந்தோர் தம் நெஞ்சிலும் ஒரு திருக்குளிர்த்தியை வகுத்துக்கொள்வர்.

ஓர் எச்சரிக்கையும் கூறுதல் நம் கடன். நியமம் அன்பற்று வறண்டால் செருக்காக மாறும். விரதமிருப்போன் விரதமில்லாதவனை இகழத் தொடங்கினால் அவன் விரதம் அன்றே முறிந்தது. தவம் என்னும் அதிகாரத்தை அடுத்துக் கூடாவொழுக்கத்தை வள்ளுவர் வைத்ததும் இக்கருத்துப் பற்றியே போலும். பிறர்க்கு இரங்குதலாகிய உணர்ச்சியை நியமம் அழித்தல் கூடாது. அதனை நாடோறும் செயலாக்குதல் வேண்டும். மனம் இரங்கிய நாளில் ஒருவனுக்கு அன்னமிடுதல் நன்று. வாரந்தோறும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்னமிடுதல் அதனினும் நன்று. ஏனெனில், பசித்தோன் நம் இரக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.

மாணவர்க்குப் பயன்படுமாறு சில முறைகளைச் சுருக்கிக் கூறுவாம். முதலாவது, நியமம் சிறிதாக இருக்கட்டும். நாளொன்றுக்கு ஐந்து நூல் படிப்பேன் என்று தொடங்குவோன் ஐந்தாம் நாளில் ஒன்றும் படியான். பத்துப் பக்கம் என்போன் ஆண்டு முடிவிலே மூவாயிரத்து அறுநூற்றைம்பது பக்கம் படித்திருப்பான். இரண்டாவது, காலமும் இடமும் வரையறுக்கப்படட்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்னும் தொடர் நியமத்துக்குப் பகை. மூன்றாவது, வழுவிய நாளை எண்ணி வருந்திக் காலம் போக்காது மறுநாளே தொடர்தல் வேண்டும். வருத்தமும் ஓர் உணர்ச்சியே, அதற்கும் அடிமையாதல் ஆகாது. நான்காவது, சினம் வந்தபோது செய்ய வேண்டுவதைச் சினம் வராதபோதே முடிவு செய்து வைத்தல் வேண்டும். வெகுண்ட அன்று விடை கூறேன், இரவு கழிந்தபின்னரே கூறுவேன் என்னும் ஒரு விதி, கைப்பேசியிலே செய்தியைக் கணத்தில் ஊரெங்கும் பரப்பும் இக்காலத்துக்கு மிகவும் வேண்டற்பாலது. ஐந்தாவது, தன் நியமத்தைப் பிறர்க்கு விளம்பரஞ் செய்யாதிருத்தல்.

பழைய மாணவராகிய பெரியோர்க்கு நாம் கூற வேண்டுவது சிறிதே. இளைஞர் நம் சொற்களைக் கேட்பதிலும் நம் நாள்களையே மிகுதியும் பார்க்கின்றனர். அயலூரான் ஒருவனைப் பற்றி வீட்டுத் திண்ணையிலிருந்து நாம் பேசும் பேச்சை அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர். பள்ளிச் சுவரில் எழுதிய நீதிமொழியினும் அப்பேச்சே அவர்தம் நெஞ்சிற் பதியும். கல்லூரிக்குக் கட்டடமும் நிதியும் அளித்தல் போற்றற்குரியதே. அவற்றோடு, சினத்திலும் சொல் தவறாத ஒரு வாழ்க்கையையும் அளிப்பாராயின், அடுத்த விழாமலர் வெளிவருங் காலத்திலே இக்கரையோரத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அஞ்சாது ஒரே வீதியிலே பள்ளிக்குச் செல்வர். அந்நன்னிலை கைகூட எல்லாம்வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.