பண்ணைக் கடைக்கு நடந்தே போ, தங்கச்சி!

இங்கிலாந்துப் பயணத்தில் லண்டனுக்கென்று வைத்திருக்கும் நாட்களில் ஒன்றை எடுத்து டெர்பிஷயர் பக்கம் ஒதுக்கிவிடு. 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்ட் அங்கேதான் இருக்கிறது. அதற்குள் பில்ஸ்லி என்ற சிற்றூரில், சாட்ஸ்வொர்த் எஸ்டேட்டின் பண்ணைக் கடை 1977 முதல் நடந்து வருகிறது. அங்கே காரில் போய் இறங்காதே. வழியில் மேய்கிற ஆடு மாடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து போனால்தான், அந்த அலமாரிப் பொருள்கள் எந்த மண்ணிலிருந்து வந்தவை என்று மனசுக்குப் புரியும்.

வழி: பேஸ்லோ என்ற ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, டெர்வென்ட் ஆற்றோரமாகப் பூங்கா வழியே சாட்ஸ்வொர்த் மாளிகை வரை நட. பாலம் தாண்டினால் எடென்சர் என்ற ஊர், அடுத்து பில்ஸ்லி. ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். ஆனாலும் உட்கார்ந்து, நின்று, ரசித்துப் போக இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள். வழி கேட்கும்போது 'என்ஸர்' என்று கேள். ஊர்க்காரர்கள் எடென்சரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

மேப்: போனில் சிக்னல் விட்டுப்போகலாம். கிளம்பும் முன்பே மேப்பை டவுன்லோட் செய்துவிடு. ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்டனன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் மேப் கிடைத்தால் இன்னும் நல்லது. நடைபாதைகள் அதில் விட்டுவிட்டுப் போட்ட பச்சைக் கோடுகளாக இருக்கும். வழியில் மஞ்சள் அம்புக்குறி தெரிந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுப்பாதை, தைரியமாகப் போ.

காலுக்கு: வெயில் அடித்தாலும் புல் ஈரமாக இருக்கும். செருப்பும் சேலையும் இந்த நடைக்கு ஆகாது. பிடிமானமுள்ள ஷூ போட்டு, மாற்று சாக்ஸ் ஒன்றும் மழைக்கோட்டும் பையில் வை. ஓரத்தில் நடைபாதை இல்லாத ரோட்டில், எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நட.

கதவும் மாடும்: வயல் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. அந்த ஊரில் இதுதான் முதல் மரியாதை. கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதே. சுற்றிப் போ, ஓடாதே. போட்டோவுக்காக ஆட்டுக்குட்டியைத் துரத்தவும் வேண்டாம்.

கடையில்: முதலில் கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று பார்த்து வா. பிறகு சீசன் என்ன என்று கேட்டு வாங்கு. மே மாதமானால் அஸ்பாரகஸ், ஜூன், ஜூலையில் ஸ்ட்ராபெரி, செப்டம்பருக்கு மேல் ஆப்பிள். சைவம் சாப்பிடுகிறவள் என்றால் இதைக் கவனி: சில சீஸ்களில் பாலைத் திரிய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட். லேபிளில் சைவம் என்று போட்டிருக்கிறதா பார். 'பை' (pie) என்று விற்கும் பண்டத்தின் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டுவிடு, கூச்சப்படாதே. ஸ்டில்டன் சீஸை டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். அந்த மண்ணிலேயே நிற்கிறாய், ஒரு துண்டு வாங்கி ருசி பார்.

பை: ஜாம் பாட்டில் கனக்கும். திரும்பி நடக்க வேண்டும் என்பதை மறக்காமல், அன்று சாப்பிடுவதற்கு மட்டும் ரொட்டி, சீஸ், பழம் வாங்கு. விதையும் செடியும் ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதே. அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் விடமாட்டார்கள்.

நேரம்: டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கடை எத்தனை மணிக்கு மூடுகிறது, பேஸ்லோவிலிருந்து திரும்ப பஸ் எப்போது என்பதை முதல் நாளே பார்த்து வை.

கடையிலிருந்து வெளியே வந்ததும் ஊர் ஓரமாக ஒரு இடம் பார்த்து உட்கார். ரொட்டியைப் பிய்த்து, சீஸை வைத்துச் சாப்பிடு. குப்பையைப் பையிலேயே போட்டுத் திரும்பக் கொண்டு வா. ஐந்து கிலோமீட்டர் நடந்து பசித்த வயிற்றுக்குக் கிடைக்கும் அந்த ருசி, காரில் வந்து வாங்குகிறவர்களுக்குக் கிடைக்காது. ஒரு நாள் ஒதுக்கு தங்கச்சி, நடந்தே போ.