பெரிய டாக்டருக்கும் பரீட்சை உண்டா?

அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன். "இருபது வருஷ அனுபவம், பெரிய டாக்டர்" என்று சொல்கிறார்கள். நாமும் நம்பிக் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் மனசுக்குள் ஒரு கேள்வி ஓடும்: இவர் பட்டம் வாங்கி இருபது வருஷம் ஆச்சே, இன்றைக்கும் அதே திறமையோடு இருக்கிறார் என்று யார் பார்த்துச் சொல்கிறார்கள்? டிரைவிங் லைசென்ஸுக்குக்கூடப் புதுப்பித்தல் இருக்கே!

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் தேடிய நாடு பிரிட்டன். அங்கே என்ன செய்கிறார்கள், இங்கே நம் கையில் என்ன இருக்கிறது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஏன் தொடங்கியது?

பிரிட்டனில் டாக்டர்களைப் பதிவு செய்வது பொது மருத்துவ மன்றம். 1858-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவானது. நீண்ட காலம், ஒருமுறை பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் புகார் வந்தால்தான் விசாரணை. இடையில் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இரண்டு சம்பவங்கள் அந்த நிலையை மாற்றின. முதலாவது, பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சை. 1991 முதல் 1995 வரை, மற்ற இடங்களோடு ஒப்பிடும்போது அங்கே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னது. இரண்டாவது, ஹரோல்ட் ஷிப்மன் என்ற குடும்ப டாக்டர். தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்ற குற்றத்துக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார்.

மக்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இவ்வளவு காலம் யாரும் கவனிக்கலையா?"

வருஷத்துக்கு ஒரு மதிப்பீடு

மருத்துவமனைகளில் மூத்த நிலையில் இருப்பவர்களைப் பிரிட்டனில் கன்சல்டன்ட் என்பார்கள். இவர்களுக்கு ஆண்டு மதிப்பீடு 2001-இல் வந்தது. பயிற்சி பெற்ற இன்னொரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, போன வருஷம் எப்படிப் போனது, அடுத்த வருஷம் எதைக் கற்கப் போகிறீர்கள் என்று பேசுவார். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது.

பேச்சு மட்டும் போதாது, ஆதாரமும் வேண்டும். டாக்டர் கொண்டுவர வேண்டியவை ஆறு வகை:

1. புதிதாகக் கற்றதற்கான பதிவு
2. சிகிச்சைத் தரத்தை உயர்த்த எடுத்த முயற்சி
3. நடந்த முக்கியத் தவறுகள், ஆபத்தான சம்பவங்கள், அவற்றிலிருந்து கற்ற பாடம்
4. நோயாளிகளின் கருத்து
5. கூட வேலை பார்ப்பவர்களின் கருத்து
6. வந்த புகார்களும் பாராட்டுகளும்

நான்காவதையும் ஐந்தாவதையும் கவனியுங்க. பேராசிரியர் மட்டுமில்லை, நர்ஸும் கருத்துச் சொல்லலாம்; படுக்கையில் இருந்த நோயாளியும் சொல்லலாம். தனியார் மருத்துவமனையில் செய்யும் வேலையும் இந்த மதிப்பீட்டில் அடங்கும்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு உறுதி

2012 டிசம்பர் 3 முதல் மறு உறுதிப்படுத்தல் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, மருத்துவமனையின் பொறுப்பு அதிகாரி (இவரும் ஒரு மூத்த டாக்டர்) அந்த மதிப்பீடுகளைப் பார்த்து மன்றத்துக்கு எழுதுவார். மூன்றில் ஒன்று: உறுதி செய்யலாம், கொஞ்சம் தள்ளிவைக்கலாம், இவர் ஒத்துழைக்கவில்லை. தள்ளிவைப்பது தண்டனை இல்லை; பிரசவ விடுப்பு, நோய் போன்ற காரணத்தால் ஆதாரம் சேராமல் இருக்கலாம். ஒத்துழைக்காதவர் உரிமத்தையே இழக்க நேரிடும். பதிவேட்டில் பெயர் இருந்தாலும், உரிமம் இல்லாமல் அங்கே சிகிச்சை தர முடியாது.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு அங்கே போய் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கும் இதே விதிதான்.

இது போதுமா? போதாது என்பதையும் சொல்லணும். கெட்ட எண்ணத்தோடு இருப்பவரை ஒரு ஃபைல் காட்டிக்கொடுக்காது. வேலைப்பளுவில் இருக்கும் டாக்டருக்கு இது வெறும் காகித வேலையாகவும் ஆகிவிடலாம். ஆனால், "உன் வேலையை இன்னொருவர் பார்ப்பார்" என்ற வழக்கம் வந்துவிட்டால், சின்னச் சறுக்கல் பெரிதாகும் முன்பே கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

நம் ஊரில்?

இங்கே 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் நடைமுறையில் உள்ளன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. 2002 விதிப்படி ஐந்து ஆண்டில் குறைந்தது 30 மணி நேரம் டாக்டர்கள் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். நோயாளியின் கருத்தைக் கேட்கும் ஏற்பாடு அந்த விதிகளில் இல்லை. அதனால் நாம் விழிப்பாக இருப்பது இன்னும் அவசியம்.

உங்கள் போனில் செய்யக்கூடியவை:

• மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்க. சீட்டு, சான்றிதழ், பண ரசீது மூன்றிலும் அந்த எண் இருக்க வேண்டும் என்பது விதி.

• தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டைத் திறந்து, அந்த எண்ணையும் மாநில மன்றத்தையும் கொடுத்துத் தேடுங்க. பெயரை மட்டும் போட்டால் இனிஷியல் குழப்பம் வரும். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள்.

• பெயர் கிடைக்கவில்லையா? உடனே "போலி டாக்டர்" என்று வாட்ஸ்அப்பில் போடாதீங்க. தமிழ்நாடு மருத்துவ மன்றத்திடம் கேளுங்க. சித்தா, ஓமியோபதி, பல் மருத்துவர்களுக்குத் தனித்தனி மன்றங்கள் உண்டு.

• சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எழுதிக் கேளுங்க, நகலைப் போட்டோ எடுத்து வைங்க.

• புகார் இருந்தால் மாநில மருத்துவ மன்றத்துக்கு எழுத்தில் கொடுங்க. ஆறு மாதத்துக்குள் முடிவு எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு எண் சரியாக இருந்தால், அவர் தகுதி பெற்ற டாக்டர் என்று அர்த்தம். இந்த ஆபரேஷனில் அவர் கை இன்றும் தேர்ந்த கையா என்பதை அந்த எண் சொல்லாது. அதை நேரில் கேட்கலாம்: "டாக்டர், இந்த ஆபரேஷன் நீங்க அடிக்கடி செய்வீங்களா? என்ன சிக்கல் வரலாம்?" மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார். இரண்டு நிமிஷம் உட்கார்ந்து விளக்குவார். அம்மாவும் கொஞ்சம் தைரியமாக ஆபரேஷன் தியேட்டருக்குள் போவார்.