பதிவைப் பேணும் மென்பொருள்

தொலைக்காட்சியிற் பதிந்த நாடகத்தையோ இசையரங்கையோ விளம்பரம் நீக்கிப் பேண விரும்புவோர் எத்தகைய மென்பொருளைத் தேர்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

எம்பெக்-2 முறைப் பதிவில் முழுமையாகச் சேமிக்கப்படும் படங்கள் சிலவே. ஏனையவை அவற்றினின்று வேறுபடும் பகுதியை மட்டும் தாங்குவன. நொடிக்கு 25 படங்கள் கொண்ட ஒளிபரப்பில் முழுப்படம் பெரும்பாலும் அரை நொடிக்கு ஒருமுறை வரும். வெட்டிய துண்டு முழுப்படத்தில் தொடங்குமாயின், அதனை அவ்வாறே படியெடுக்கலாம், தரம் குன்றாது. பிறவிடத்து வெட்டின் மீளக் குறியாக்கல் வேண்டும்; தரமும் சிறிது குன்றும்.

ஆதலின், அலங்காரம் மிக்கதை விடுத்து, நேர்ப்படி எடுக்கவல்லதையே நாம் தேர்தல் நன்று. இலவசமாகக் கிடைக்கும் அவிடெமக்ஸ் அத்தகையது. வெட்டியதை இறுதிவரை பார்த்து, உதட்டசைவும் ஒலியும் ஒத்துள்ளமை கண்ட பின்னரும் மூலத்தை அழியாது வைப்போமாக. மூல ஏடு அழிந்தபின், பெயர்த்தெழுதியோர் பிழையைத் திருத்துதல் எத்துணை அரிதென்பதைத் தமிழ் கற்றோர் அறிவர்.