லாஸ்கோ குகையும் நான்கு துறைகளும்

மூன்றாம் ஆண்டு இளங்கலை (வரலாறு)

கற்கால மனிதனின் ஓவியக் கலை பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றுதான் முதலில் தொடங்கினேன். பிரான்சு நாட்டின் தென்மேற்கே, தோர்தோன் பகுதியில், மோந்தினியாக் என்னும் சிற்றூரை அடுத்த குன்றில் உள்ள லாஸ்கோ குகையைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். வரலாற்று மாணவனுக்கு அதில் என்ன தடை இருக்கக்கூடும்? ஆனால் படிக்கப் படிக்க ஓவியம் பற்றிய செய்தி குறைந்து, பாசி, பூஞ்சை, கரியமில வாயு, குளிரூட்டும் பொறி, நுழைவுச் சீட்டு என்னும் சொற்களே பெருகி வந்தன. பாதிக்கு மேல் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் துறைக்கும் தாவரவியல் துறைக்கும் இடையே ஒரு வேப்பமரமும் மிதிவண்டி நிறுத்தமும்தான் உள்ளன. மூன்று ஆண்டுகளில் நான் அவற்றைக் கடந்து சென்றதில்லை. இக்கட்டுரைக்காகச் சென்றேன். இயற்பியல் துறைக்கும் வேதியியல் துறைக்கும் ஏறி இறங்கினேன். பேராசிரியர்கள் முகம் சுளிக்காமல் சொல்லிக் கொடுத்தனர். கீழே வருவனவற்றில் வரலாறு தவிர்த்த பகுதிகள் அவர்களிடம் கேட்டுத் தெளிந்தவை. பிழை இருப்பின் அது என்னுடையது.

மூடியிருந்த வரை

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் நான்கு இளைஞர்கள் அக்குகைக்குள் இறங்கினர். நாய் ஒன்று பள்ளத்தில் விழுந்ததால் குகை வெளிப்பட்டது என்றொரு கதையும் வழங்குகிறது. நாயை நாம் விட்டுவிடுவோம். விளக்கொளியில் அவர்கள் கண்டவை காளைகள், குதிரைகள், மான்கள். ஒரு காளை மட்டுமே 5 மீட்டருக்கு மேல் நீளமுடையது. அத்தனை விலங்குகளுக்கு நடுவே மனித உருவம் ஒன்றே ஒன்று. தொல்லியல் அறிஞர் ஆன்றி ப்ரோய் பத்து நாட்களுக்குள் வந்து பார்த்து, அவை பழங்கற்கால ஓவியங்களே என உறுதி செய்தார். அவற்றின் வயது சுமார் 17,000 ஆண்டுகள் என்பது நெடுநாள் வழங்கிவந்த கணக்கு. இன்னும் சில ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவை என்போரும் உளர்.

இவ்வளவு காலம் அவை அழியாதிருந்தது எவ்வாறு? வண்ணங்கள் இலைச்சாறு அல்ல. இரும்பு ஆக்சைடு தந்த சிவப்பும் மஞ்சளும், மாங்கனீசு தந்த கருமையும் ஆகும். இவை எளிதில் மங்குவதில்லை. குகையின் மேலே நீர் புகாத களிச்சுண்ணப் படலம் ஒன்று கூரை போல் அமைந்திருந்ததால் மழைநீர் உள்ளே சொட்டவில்லை. வாயிலருகே சரிந்து கிடந்த கல்லும் மண்ணும் வெளிக்காற்றைத் தடுத்தன. உள்ளே வெப்பநிலை ஆண்டு முழுதும் 12, 13 டிகிரி அளவிலேயே நின்றது. வெளிச்சம் என்பதே இல்லை. சுருங்கச் சொன்னால், அங்கே எதுவும் நிகழாதிருந்ததுதான் காரணம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நிலம் அப்போது தனியார் உடைமை. மக்கள் வசதியாக வந்துபோக வாயிலை அகலப்படுத்தினர், சரிந்து கிடந்த கல் மண்ணை அகற்றினர், தரையை வெட்டித் தாழ்த்தினர், படிகள் கட்டினர், மின்விளக்குகள் பொருத்தினர். கண்டுபிடித்த இளைஞர்களில் மார்செல் ரவிதா, ழாக் மார்சல் ஆகிய இருவர் அங்கேயே வழிகாட்டிகளாயினர். 1955 அளவில் ஒரே நாளில் 1,200 பேர் வரை வந்தனர். ஊர் செழித்தது. அக்காலத்தில் இதைக் குறை கூற யாருக்கும் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன், எனக்கும் தோன்றியிராது.

ஒரு மனிதன் உள்ளே கொண்டு செல்வது என்ன?

இந்த இடத்தில்தான் நான் இயற்பியல் துறைக்குச் சென்றேன். அமைதியாக நிற்கும் ஒரு மனிதனின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்கு 50 கிராம் அளவுக்கு நீராவியை விடுகிறான். மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவும் வெளிவருகிறது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் அந்த வாயு நூற்றுக்கு 0.04 பங்கு, வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 பங்கு. அதாவது நூறு மடங்கு.

ஒருவர் அரை மணி நேரம் உள்ளே நின்றார் என வைத்துக்கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 30 பேர் கொண்ட ஒரு குழு உள்ளே நின்றால் 3 கிலோவாட்; மூன்று மின்சார இஸ்திரிப் பெட்டிகளைக் குகைக்குள் போட்டுவைத்தது போன்றது. 1,200 பேர் ஒரு நாளில் விடும் நீர் 30 லிட்டர். நம் வீட்டுக் குடத்தில் இரண்டு குடம். கரியமில வாயு 12,000 லிட்டர். எல்லாரும் கை கட்டி, வாய் மூடி, சுவரைத் தொடாமல் மரியாதையாகவே பார்த்துவிட்டுப் போனார்கள் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு இதுதான்.

அந்த நீர் எங்கே போகும்? குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதைப் பார்த்திருக்கிறோம். குகைச் சுவரும் அப்படியே. கரியமில வாயு அந்த நீரில் கரைந்து மெல்லிய அமிலமாகிறது. அமிலம் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது கரைக்கிறது. பிறகு காற்று மாறி வாயு வெளியேறும்போது, கரைந்த சுண்ணாம்பு கால்சைட்டு என்னும் படிகமாக மீண்டும் படிகிறது. அது படிவது ஓவியத்தின் மேல். சில ஆண்டுகளில் காளையின் மேல் வெள்ளைத் திரை விழுந்துவிடும். இதற்கு ‘வெள்ளை நோய்’ என்று பெயரிட்டனர்.

உள்ளே காற்று கெடுவது 1955இலேயே தெரியவந்தது. அதற்குப் பொறியாளர்கள் சொன்ன வழி குளிரூட்டும் பொறி. 1958இல் அது இயங்கத் தொடங்கியது. கரியமில வாயுவை இழுத்து வெளியேற்றி, ஈரத்தைக் கட்டுப்படுத்தி, தூய காற்றை உள்ளே செலுத்துவது அதன் வேலை. இரண்டு ஆண்டுகளில், 1960இல், சுவர்களில் பச்சைப் புள்ளிகள் தென்பட்டன.

அவை பாசி. தாவரவியல் துறையில் கேட்டபோது சிரித்தார்கள். நம் விடுதித் தண்ணீர்த் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் எது வளர்கிறதோ, அதன் உறவினர்தான். ஈரமும் சிறிது உப்பும் வெளிச்சமும் இருந்தால் போதும். வித்துகள் பார்வையாளரின் செருப்பிலும் சட்டையிலும் ஒட்டி வந்தன. அவற்றைப் பொறியின் காற்றோட்டம் குகை முழுவதும் பரப்பியது என்று கருதப்படுகிறது. இருட்டில் ஒளிச்சேர்க்கை நடக்காது. ஆனால் ஓவியம் தெரிய வேண்டும் என்பதற்காக மின்விளக்கு எரிந்ததே! பார்ப்பதற்காக ஏற்றிய விளக்கே பாசிக்குச் சூரியனாயிற்று. இது ‘பச்சை நோய்’.

1963 ஏப்ரலில், பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ குகையை மூட உத்தரவிட்டார். திறந்து பதினைந்து ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

மருந்து

பாசியைக் கொல்ல ஃபார்மலின் தெளித்தனர். நம் விலங்கியல் துறைக் குடுவைகளில் தவளைகள் மிதக்கின்றனவே, அதே திரவம். நுண்ணுயிர்களுக்கு எதிராகப் பெனிசிலின் முதலான மருந்துகளையும் தெளித்தனர். பச்சை மறைந்தது. அதன்பின் உள்ளே செல்லும் சிலரும் ஃபார்மலின் நீரில் கால் நனைத்தே செல்ல வேண்டும் என்றாயிற்று. பொறியையும் மாற்றினர். குளிர்ந்த பரப்பு ஒன்றை ஓரிடத்தில் வைத்து, ஈரம் அங்கேயே படியும்படி செய்து, குகையின் இயல்பான வெப்பச் சலனத்தையே துணைக்கொள்ளும் எளிய முறை அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய தொல்லை இல்லை. 1979இல் வெசேர்ப் பள்ளத்தாக்கின் குகைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின.

பழைய கருவி தேய்ந்தபோது, காற்றாடிகள் கொண்ட புதிய பொறி 2000, 2001ஆம் ஆண்டுகளில் பொருத்தப்பட்டது. 2001இல் தரையிலும் சுவர் விளிம்புகளிலும் வெள்ளைப் பஞ்சு போல ஒரு பூஞ்சை படர்ந்தது. பெயர் ஃபுசேரியம் சொலானி. பருத்தியிலும் வாழையிலும் வாடல் நோய் உண்டாக்கும் பூஞ்சையும் இந்த ஃபுசேரியம் பேரினத்தைச் சேர்ந்ததே என்று தாவரவியல் பேராசிரியர் சொன்னபோது, பிரான்சு எனக்குச் சற்று அருகில் வந்ததாகத் தோன்றியது.

தரையில் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினர். அது ஈரம்பட்டால் கொதிக்கும் என்பதை நம் ஊரில் வெள்ளையடித்த யாரும் அறிவர். வெப்பம் மாறக்கூடாத குகையில் அதுவும் ஒரு வெப்பம். சுவர்களுக்குப் பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. வெள்ளை தணிந்தது, சில ஆண்டுகளில் கரும்புள்ளிகள் தோன்றின. கரும்புள்ளிகளிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பூஞ்சை அறிவியலுக்கே புதியது. 2012இல் அதற்குக் குகையின் பெயரையே சேர்த்து ஒக்ரோகோனிஸ் லாஸ்கோவென்சிஸ் என்று பெயரிட்டனர். ஒரு குகைக்குக் கிடைக்கக்கூடிய பெருமைகளில் இது எதில் சேரும் என்று தெரியவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த செய்தி இதுதான். பல ஆண்டுகள் கிருமிநாசினி பட்ட அச்சுவரில், அதைத் தாங்கவல்ல நுண்ணுயிர்களே பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். அந்த மருந்து சிதையும்போது கிடைக்கும் கரியும் நைட்ரசனும் சில உயிர்களுக்கு உணவாகவே ஆகின்றன என்றும் எழுதினர். விலங்கியலாரும் இங்கே வந்து சேர்ந்தனர். மண்ணில் துள்ளித் திரியும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுயிர்கள் பூஞ்சையைத் தின்று அதன் வித்துகளைச் சுவர் சுவராகக் கொண்டு செல்வதாக அவர்கள் சுட்டினர். 2008 ஜனவரியில் சில மாதங்கள் ஆய்வாளர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. ஆராயச் செல்பவரும் மூச்சு விடுகிறார் அல்லவா?

ஒவ்வொரு துறையும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. காற்றைச் சரிசெய்யச் சொன்னார்கள், பொறியாளர் சரிசெய்தார். பாசியைக் கொல்லச் சொன்னார்கள், உயிரியலார் கொன்றார். கூட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள், சுற்றுலாத் துறையினர் கொண்டுவந்தனர். ஆனால் ஒருவர் செய்தது அடுத்தவரின் குகையில் என்ன செய்யும் என்று கேட்க, 1958இல் அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்ததாகத் தெரியவில்லை. 2009 பிப்ரவரியில் பாரிசில் நடந்த கருத்தரங்கில்தான் நுண்ணுயிரியலார், நிலவியலார், தட்பவெப்ப அறிஞர், தொல்லியலார், பராமரிப்போர் எனப் பல நாட்டவரும் ஒன்றாக அமர்ந்து இக்குகையைப் பேசினர். போர்தோ நகர ஆய்வாளர்கள் குகையின் வடிவத்தைக் கணிப்பொறியில் அமைத்து, காற்று எப்படி நகரும், ஈரம் எங்கே படியும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறையை உருவாக்கினர். உண்மைக் குகையில் சோதனை செய்வதற்கு முன் கணக்கில் சோதிக்கலாம். இந்த வழி முன்பே இருந்திருந்தால் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

நகல்

சரி, மக்கள் எதைப் பார்ப்பது? 1983இல் மூலக்குகையிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி ‘லாஸ்கோ இரண்டு’ திறக்கப்பட்டது. காளைகள் மண்டபத்தையும் அதை ஒட்டிய கூடத்தையும் அளந்து, கான்கிரீட்டில் வடித்து, மோனிக் பெய்த்ரால் என்ற ஓவியப் பெண்மணி பழைய முறையைப் பின்பற்றி, மூல வண்ணப் பொருள்களைக் கொண்டே தீட்டினார். பல ஆண்டு உழைப்பு. ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அப்போது மற்றொன்று புலப்பட்டது. அவர்கள் வந்த வண்டிகளெல்லாம் நின்றது அதே குன்றின் மேல், மூலக்குகையின் தலைமாட்டில். எனவே 2016 டிசம்பரில் திறந்த ‘லாஸ்கோ நான்கு’ குன்றின் அடிவாரத்தில் கட்டப்பட்டது. லேசர்க் கதிர் அளவீட்டின் துணையால் ஏறத்தாழ முழுக் குகையும் அங்கே நகலாகியுள்ளது. 2020இல் ஊரும் தன் பெயரை மோந்தினியாக்-லாஸ்கோ என மாற்றிக்கொண்டது. யாரும் நுழைய முடியாத குகையால் ஓர் ஊர் பிழைக்கிறது. சுற்றுலாவியல் பாடத்தில் இதற்கு ஒரு தனி அத்தியாயம் வைக்கலாம்.

ஸ்பெயின் நாட்டு அல்தமிரா குகையில் வேறு வழியை முயன்றனர். கூட்டம் மிகுந்து 1977இல் மூடிய அக்குகையில், மனிதர் நுழைந்தால் வெப்பமும் வாயுவும் எவ்வளவு கூடுகின்றன, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தனர். அதைக்கொண்டு குகையின் தாங்குதிறனைக் கணக்கிட்டு, 1982இல் ஆண்டுக்கு 8,500 பேர் என்ற வரம்புடன் திறந்தனர். 2002இல் அதையும் மூட நேர்ந்தது. 2014இல் சோதனையாக, வாரத்திற்கு ஐந்து பேரைக் குலுக்கலில் தேர்ந்து, 37 நிமிடம் உள்ளே அனுப்பினர். இதை எதிர்த்த நுண்ணுயிரியலாரும் உண்டு. ‘மக்கள் சொத்தை மக்கள் காணக்கூடாதா’ என்று கேட்டவர்களும் உண்டு.

கட்டுரையைத் தொடங்கியபோது நானும் அக்கட்சியில்தான் இருந்தேன். வரலாறு படிப்பவன் மூலத்தைக் காண வேண்டும், நகலைக் கண்டு என்ன பயன் என்று எங்கள் துறையில் வாதாடியும் இருக்கிறேன். இயற்பியல் துறையில் போட்ட கணக்குத் தாள் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அதில் கடைசி வரியாக, 1,200 பேரை எடுத்துவிட்டு ஒருவனை மட்டும் வைத்து, அரை மணியை ஒரு மணியாக்கிப் போட்டுப் பார்த்தேன். 100 வாட், 20 லிட்டர், 50 கிராம். அந்த ஒருவனுக்கு என் பெயரை எழுதியிருந்தேன். பிறகு தாவரவியல் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “விளக்கைச் சேர்க்க மறந்துவிட்டாய், தம்பி” என்று பென்சிலால் ஒரு வரி கூட்டினார்.