டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்: வெற்று இரும்பைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கப் பட்டறைக்குப் போனால் நாம் கேட்பது, "என்ன கலர், எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பேரம் பேசிக் குறைக்கும்போது உண்மையில் குறைவது கலர் அல்ல, அதற்கு அடியில் நடக்க வேண்டிய வேலை. அந்த வேலை நடந்ததா இல்லையா என்பது வண்டி பளபளப்பாக வெளியே வரும் அன்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தபின் மட்கார்டின் ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விடும்போது தெரியும். உழவு வாடகையை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு அது இரண்டாவது செலவு.

இரும்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. பெயிண்ட் ஈரத்தை முழுவதுமாகத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. அடியில் பழைய துரு இருந்தால் அது பஞ்சுபோல ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொண்டு, பெயிண்டை உள்ளிருந்தே தூக்கிவிடும். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. போதாதற்கு உர மூட்டையையும் வண்டியில் ஏற்றுகிறோம். உரத்தூளும் உப்பு வகையே. இரும்பை அதுவும் அரிக்கும்.

முதல் வேலை கழுவுவது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் இடங்களில், கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள். அடுத்து கிரீஸ், ஆயில். மண்ணெண்ணெய் அல்லது டீசலால் துடைத்துவிட்டு அத்துடன் நிறுத்துவது பலரின் வழக்கம். அவையும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். இதைச் செய்யாமல் உப்புத்தாள் போட்டால் எண்ணெய் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சோதிக்க எளிய வழி: கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சீராகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

பிறகுதான் துருவை எடுப்பது. கெட்டியாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்டை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை; அதன் விளிம்பைப் படி தெரியாதபடி தேய்த்துச் சரிவாக்கினால் போதும். துரு பிடித்த இடத்தில் மட்டும் இரும்பு தெரியும் வரை போக வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்தால் இரும்பு கண்ணாடிபோல மின்னும். பார்க்க அழகு, ஆனால் வழவழப்பான இரும்பில் பிரைமர் பிடிக்காது. அதன்மேல் 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துச் சொரசொரப்பு உண்டாக்க வேண்டும்.

குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் துரு தாளுக்கு வராது. அதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கி கடைகளில் கிடைக்கிறது. துருவை அது கருத்த, கெட்டியான படலமாக மாற்றும். கழுவ வேண்டுமா, துடைத்தால் போதுமா என்பதை டப்பாவில் எழுதியுள்ளபடி செய்யுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. துரு உடனே போய்விடும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள குளோரைடு இரும்பிலேயே தங்கி, மறுநாளே புதுத்துருவைக் கொண்டுவரும்.

வெற்று இரும்பை ஓர் இரவு விட்டுவைக்கக் கூடாது. கடலோரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் படரத் தொடங்கும். ஆகவே ஒரே நாளில் பிரைமர் அடித்து முடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். இன்று பானெட், நாளை மட்கார்டு என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எந்த பிரைமர்? சாதாரண ரெட் ஆக்சைடு மலிவு, கையாள எளிது. ஆனால் அந்தச் சிவப்பு நிறத்தைப் பார்த்து இனித் துரு வராது என்று நினைத்துவிடக் கூடாது. பிரைமர் மட்டும் அடித்த வண்டியை மழையில் மாதக்கணக்கில் நிறுத்தினால் ஈரம் அதனூடே இறங்கும். ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் அதைவிட நன்றாகத் துருவைத் தடுக்கும். சேற்றிலேயே கிடக்கும் ரிம், முன் அச்சு, மட்கார்டின் அடிப்புறம் ஆகியவற்றுக்கு இரண்டு டப்பாக் கலவையான எபாக்ஸி பிரைமருக்குச் செலவு செய்வது வீணல்ல. என் கருத்தில், கையில் பணம் குறைவென்றால் மேல்கலரில் சிக்கனம் செய்து பிரைமரில் தாராளமாக இருப்பதே சரி. ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண ரெட் ஆக்சைடின் மேல் என்.சி. பெயிண்ட் அடித்தால் அதன் கடுமையான தின்னர் அடிப்பூச்சைச் சுருக்கிவிடும். பிரைமரும் கலரும் ஒத்துப்போகுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

துரு பெரும்பாலும் தொடங்குவது விளிம்பில், வெல்டிங் தையலில், போல்ட் தலையில். ஈரமான பெயிண்ட் கூர்மையான ஓரத்திலிருந்து பின்வாங்கி மெலிந்துவிடுவதே காரணம். இந்த இடங்களுக்கு முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுத்து, பிறகு முழுவதும் ஸ்பிரே செய்ய வேண்டும். தடிப்பாக ஒன்று அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு அடிப்பது மேல்.

பனி விழும் காலையில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் அடிப்பதில்லை என்பது தொழிற்சாலைகளில் உள்ள நடைமுறை. வெயில் ஏறியபின் தொடங்கி, நிழலில் வைத்து, லுஹருக்குள் முடித்தால் அஸர் நேரத்துக்குள் மேற்பரப்பு காய வழியுண்டு. தகடு கை சுடும் அளவுக்குக் காய்ந்திருந்தாலும் அடிக்க வேண்டாம்.

சில இடங்களில் பெயிண்டே படக்கூடாது. ஹைட்ராலிக் தண்டு, கிரீஸ் நிப்பிள், ரப்பர் சீல், ரேடியேட்டர், பி.டி.ஓ. பற்கள், பேட்டரியின் எர்த் ஒயர் இணையும் இடம் ஆகியவற்றை டேப் ஒட்டி மறையுங்கள். வீல் நட் உட்காரும் இடத்தில் தடித்த பெயிண்ட் இருந்தால் அது நசுங்கி நட் தளரும். சைலன்சரில் சாதாரண பிரைமர் கருகிவிடும். வெப்பம் தாங்கும் பெயிண்ட் மட்டுமே அதற்கு ஆகும். முக்கியமாக, இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கிரைண்டர் தொடவிடாதீர்கள். பட்டி வைத்தும் மூடக்கூடாது. ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிட முடியாமல் போனால் விற்கும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் தொல்லை.

வீட்டு முற்றத்தில் வைத்துத் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டின் விதி வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கானது. இயந்திரப் பெயிண்டை அது கட்டுப்படுத்தாது. பழைய டிராக்டரின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூள் தரையில் படிந்து, தவழும் பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போகும். பழைய பெயிண்டை ஈரத்தாளால் தேயுங்கள். ஈரம் பட்ட இரும்பை உடனே துடைத்து முழுவதும் உலர்த்திய பிறகே பிரைமர் அடியுங்கள். தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேலை செய்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். ஹார்டனர் கலக்கும் பெயிண்டை ஸ்பிரே செய்பவர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது பயன் தராது. வேதிப்புகையைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும்.

பட்டறையில் விடுகிறவர்கள், பிரைமர் அடிக்கும் முன் தேய்த்த இரும்பைக் காட்டச் சொல்லுங்கள் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். மிஞ்சிய பிரைமரில் கால் லிட்டர் கேட்டு வாங்கி வைத்தால், வயலில் கல் தெறித்துப் பெயர்ந்த இடங்களை அவ்வப்போது நாமே அடைத்துக்கொள்ளலாம். எபாக்ஸி என்றால் இரண்டு டப்பாவையும் கலக்காமல் தனித்தனியாக வாங்குங்கள்; கலந்தது சில மணி நேரத்தில் கல்லாகிவிடும்.